ஜான் ஜேம்ஸ் ஆடுபான்

ஜான் ஜேம்ஸ் ஆடுபான் (ஏப்ரல் 26, 1785 – ஜனவரி 27, 1851) பிரெஞ்சு மரபில் வந்த அமெரிக்கப் பறவையியலாளரும் இயற்கை ஓவியரும் ஆவார். 1827 முதல் 1838 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அமெரிக்கப் பறவைகள் என்னும் பெரும் படநூல் இவருடைய முதன்மையான படைப்பாகும். ஓவியராக அறியப்படுவதற்கு முன்னர் இவர் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் வணிகராக வாழ்ந்தார். அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறமாக இருந்த கென்டக்கியில், கடனுக்குச் சரக்கு வாங்கிக் கடை வைத்தார். பின்னர் பெருங்கடன் பட்டு நீராவி ஆலை ஒன்றைக் கட்டினார். 1819 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அனைத்தையும் இழந்து, கடனாளியாகச் சிறை சென்றார். இவர் முழுநேர ஓவியராக மாறியதற்கு இந்தத் தோல்வியே நேரடிக் காரணமாக அமைந்தது.

பிறப்பும் இளமையும்

ஆடுபான் கரிபியன் கடலில் அன்று பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த செயின்ட் டொமிங்கில் (இன்றைய ஹெயிட்டி) லே கே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜான் ஆடுபான் பிரெஞ்சுக் கப்பல் தலைவர். கரும்புத் தோட்டமும் அடிமை வணிகமும் கொண்டிருந்தவர். தாய் ஜான் ராபின் பிரான்சிலிருந்து வந்த பணிப்பெண். பெற்றோர் மணம் புரிந்து கொண்டவர்கள் அல்லர். பிறந்த சில மாதங்களில் தாய் இறந்தார். சிறுவயதிலேயே பிரான்சின் நான்ட் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட குழந்தையைத் தந்தையின் மனைவி ஆன் முவானே அன்புடன் வளர்த்தார். 1794 இல் கணவனும் மனைவியும் இவரைச் சட்டப்படி மகனாக ஏற்றுக்கொண்டனர். தமது பிறப்பை மறைக்க விரும்பிய ஆடுபான், பிற்காலத்தில் தாம் லூசியானாவில் பிறந்ததாகக் கூறி வந்தார். எனவே இவர் தம்மைப் பற்றி எழுதியவற்றை வரலாற்றாசிரியர்கள் எச்சரிக்கையுடனேயே பயன்படுத்துகின்றனர்.

1803 இல் நெப்போலியனின் படைக்கு ஆள் சேர்ப்பதிலிருந்து தப்புவிக்கும் பொருட்டுத் தந்தை இவரை அமெரிக்காவுக்கு அனுப்பினார். பென்சில்வேனியாவில் பிலடெல்பியாவுக்கு அருகே தந்தைக்கு உரிய மில் குரோவ் பண்ணையில் இவர் தங்கினார். பண்ணை நிலத்தில் ஈயச் சுரங்கம் ஒன்றும் இருந்தது. அதை நடத்துவதை விட வேட்டையிலும் பறவைகளை வரைவதிலுமே இவர் நாட்டம் கொண்டிருந்தார். பீபி எனப்படும் சிறு பறவையின் குஞ்சுகளின் காலில் வெள்ளி இழையைக் கட்டி, அவை மறு ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்புகின்றனவா எனச் சோதித்ததாக இவர் எழுதியுள்ளார். அமெரிக்காவில் பறவைகளுக்கு வளையமிடும் முயற்சிகளில் முதலாவதாக இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது.

அண்டைப் பண்ணையில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பத்தைச் சேர்ந்த லூசி பேக்வெல் என்பவரை இவர் விரும்பினார். நிலையான தொழில் ஒன்று அமையும் வரை திருமணத்துக்கு இரு வீட்டாரும் இசையவில்லை. ஆடுபான் வணிகத்தில் இறங்கியதற்கு இதுவே உடனடிக் காரணமாகும்.

எல்லைப்புற வணிகத்தில் கடனின் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே நாணயப் புழக்கம் மிகக் குறைவு. குடியேறிகளிடம் நிலமும் விளைச்சலும் இருந்தன. கையில் காசு இருக்கவில்லை. அவர்கள் துணி, உப்பு, கத்தி, துப்பாக்கி மருந்து, காப்பி முதலியவற்றைக் கடையில் கணக்கு எழுதி வாங்கினர். அறுவடைக்குப் பின் புகையிலை, பன்றி இறைச்சி, மாவு, தோல், விசுக்கி ஆகியவற்றைக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தனர். கடைக்காரர் இப்பொருட்களைப் படகில் ஏற்றி, ஒகையோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக நியூ ஓர்லியன்சுக்கு அனுப்பி விற்றால்தான் பணமாக மாறும்.

கடைக்காரரும் கடனாளியே. அவர் பிலடெல்பியா, நியூயோர்க் போன்ற கிழக்கு நகரங்களின் மொத்த வணிகர்களிடம் மாதக்கணக்கில் தவணை கேட்டுக் கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்துச் சரக்கு எடுத்தார். அந்த மொத்த வணிகர்களில் பலர் இங்கிலாந்தின் ஏற்றுமதியாளர்களுக்குக் கடன்பட்டிருந்தனர். இவ்வாறு ஒரு குடியேறியின் பேரேட்டுக் கணக்கு லிவர்பூல் வரை நீண்ட கடன் சங்கிலியின் கடைசிக் கண்ணியாக இருந்தது.

இத்தகைய கடனைப் பெறுவதற்கு அடமானத்தை விட அறிமுகமே முதன்மையானது. மலைக்கு அப்பால் இருக்கும் கடையைக் கடன் கொடுப்பவர் நேரில் கண்காணிக்க இயலாது. எனவே உறவு, குடும்பப் பெயர், நம்பத்தக்க ஒருவரின் பரிந்துரைக் கடிதம், சீட்டின் பின்புறம் பிணையாக இடப்படும் கையொப்பம் ஆகியவற்றைக் கொண்டே ஆளை எடை போட்டனர். இம்முறையில் ஒருவரது வீழ்ச்சி அவருக்காகக் கையொப்பமிட்ட அனைவரையும் இழுத்துச் சென்றது.

லூயிவில் கடை

1805 இல் பிரான்சு சென்ற ஆடுபான், தந்தையின் வணிக நண்பருடைய மகனான பெர்டினாண்ட் ரோசியருடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு 1806 இல் அமெரிக்கா திரும்பினார். மில் குரோவ் சொத்தில் தங்கள் பங்கை இருவரும் விற்றனர். லூசியின் சிற்றப்பன் பெஞ்சமின் பேக்வெல் நியூயோர்க்கில் நடத்திய இறக்குமதி நிறுவனத்தில் ஆடுபான் எழுத்தராக இருந்து தொழில் பழகினார்.

1807 ஆம் ஆண்டின் இரண்டாம் பாதியில் ஆடுபானும் ரோசியரும் கென்டக்கியின் லூயிவில் நகரில் கடை திறந்தனர். அதற்கான சரக்கின் பெரும்பகுதி பெஞ்சமின் பேக்வெல்லிடம் கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்துப் பெறப்பட்டதாகும். முன் அனுபவம் இல்லாத இரு இளைஞர்களுக்கு அக்கடன் கிடைத்ததற்கு, வரவிருந்த திருமண உறவு துணையாக இருந்தது. ஒகையோ ஆற்றின் அருவிக்கு அருகே அமைந்திருந்த லூயிவில்லில் படகுகள் நின்று செல்ல வேண்டியிருந்ததால் அது வணிகத்துக்கு ஏற்ற இடமாக இருந்தது. 1810 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 1,357 ஆகும்.

ஆயினும் காலம் இவர்களுக்குச் சாதகமாக இருக்கவில்லை. பிரித்தானியாவுடனும் பிரான்சுடனும் ஏற்பட்ட பிணக்கினால் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சனின் அரசு 1807 டிசம்பரில் வெளிநாட்டு வணிகத்தைத் தடை செய்தது. துறைமுகங்கள் முடங்கின. இறக்குமதியை நம்பியிருந்த பெஞ்சமின் பேக்வெல்லின் நிறுவனம் நொடித்தது. கடன் கொடுத்தவரே வீழ்ந்த நிலையில், புதிய சரக்கு பெறுவதும் பழைய சீட்டுகளைத் தீர்ப்பதும் கடினமாயின.

1808 ஏப்ரலில் லூசியை மணந்த ஆடுபான் அவரை லூயிவில்லுக்கு அழைத்து வந்தார். 1809 இல் மூத்த மகன் விக்டர் பிறந்தார். கடைக்கணக்கை ரோசியர் பார்த்துக்கொள்ள, ஆடுபான் பெரும்பாலும் துப்பாக்கியுடனும் வரைதாளுடனும் காட்டில் இருந்தார். 1810 மார்ச்சில் பறவையியலாளர் அலெக்சாண்டர் வில்சன் தமது அமெரிக்கப் பறவையியல் நூலுக்குச் சந்தாதாரர்களைத் தேடி இக்கடைக்கு வந்தார். ஆடுபான் கையொப்பமிடப் போகும் வேளையில் ரோசியர் தடுத்து, அவருடைய சொந்த ஓவியங்களே மேலானவை என்று பிரெஞ்சு மொழியில் கூறியதாக ஆடுபான் எழுதியுள்ளார். பெரும் படநூல் ஒன்றை வாசகர்களின் சந்தாவைக் கொண்டே வெளியிட முடியும் என்பதை ஆடுபான் நேரில் கண்ட நிகழ்வு இதுவாகும்.

ஹென்டர்சனும் கூட்டின் முறிவும்

லூயிவில்லில் போட்டி மிகுந்ததால் 1810 இல் கடை, ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஹென்டர்சன் என்னும் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் இருவரும் விசுக்கி முதலிய சரக்குகளுடன் மிசிசிப்பிக் கரையிலுள்ள செயின்ட் ஜெனிவீவ் ஊருக்குச் சென்றனர். பிரெஞ்சு மொழி பேசும் அவ்வூர் ரோசியருக்குப் பிடித்துப் போயிற்று. 1811 ஏப்ரலில் கூட்டு கலைக்கப்பட்டது. ஆடுபானின் பங்கில் ஒரு பகுதி பணமாகவும் எஞ்சியது சீட்டுகளாகவும் தரப்பட்டது. ரோசியர் அங்கேயே தங்கி வளமான வணிகராகி, 1864 இல் முதிர்ந்த வயதில் இறந்தார். ஒரே முதலில் ஒரே கடனுடன் தொடங்கிய இருவரின் முடிவும் இவ்வாறு வேறுபட்டது.

அதன் பின்னர் ஆடுபான் லூசியின் தம்பி தாமஸ் பேக்வெல்லுடன் கூட்டுச் சேர்ந்தார். பன்றி இறைச்சி, கொழுப்பு, மாவு ஆகியவற்றைத் தரகுக்கு விற்கும் இவர்களது நியூ ஓர்லியன்ஸ் நிறுவனம் 1812 இல் பிரித்தானியாவுடன் போர் மூண்டதால் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு சூலை மாதம் ஆடுபான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். இரண்டாவது மகன் ஜான் நவம்பரில் பிறந்தார்.

போருக்குப் பிந்திய சில ஆண்டுகள் ஹென்டர்சன் கடை இலாபம் தந்தது. ஆடுபான் வீடும் மனைகளும் வாங்கினார். அடிமை முறை நிலவிய கென்டக்கியில் இவரும் அடிமைகளை வாங்கி வைத்திருந்தார். பணமுடை ஏற்பட்டபோது அவர்களை விற்றார். எல்லைப்புறக் கடன் முறையில் நிலமும் மனிதரும் ஒருசேரக் கடன் தீர்க்கும் பொருளாக எண்ணப்பட்டனர் என்பது இவர் வாழ்க்கை வழியாகவும் தெரிகிறது.

நீராவி ஆலையும் 1819 நெருக்கடியும்

1816 இல் ஆடுபானும் பேக்வெல்லும் ஹென்டர்சன் ஆற்றங்கரையில் மாவு அரைக்கவும் மரம் அறுக்கவும் நீராவி ஆலை ஒன்றைக் கட்டத் தொடங்கினர். அதற்கு ஏறத்தாழ 15,000 டாலர் செலவாயிற்று. தங்கள் முதலோடு உறவினர், நண்பர்களின் பணமும் கடனும் அதில் சேர்ந்தன. ஆனால் பெரிய ஆலைக்கு வேண்டிய அளவு கோதுமை சுற்றுப்புறத்தில் விளையவில்லை. அறுத்த மரத்தை விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு ஊரும் வளரவில்லை. பேக்வெல் விரைவில் கூட்டிலிருந்து விலகியதால் கடன் சுமை ஆடுபான் மீதே விழுந்தது.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்சின் தம்பி ஜார்ஜ் கீட்ஸ் 1818 இல் மனைவியுடன் ஹென்டர்சனுக்கு வந்து ஆடுபான் வீட்டில் தங்கினார். அவர் நீராவிப் படகு ஒன்றில் முதலிட்டுப் பணத்தை இழந்தார். இதன் பொருட்டுக் கவிஞர் கீட்ஸ் தம் கடிதத்தில் ஆடுபானைக் கடுமையாகச் சாடினார். ஆடுபானுக்குப் பங்கிருந்த ஒரு படகை வாங்கியவர்கள் கொடுத்த சீட்டும் மதிப்பற்றுப் போயிற்று. ஆடுபான் தம் அடிமைகள் இருவருடன் சிறு படகில் நியூ ஓர்லியன்ஸ் வரை துரத்திச் சென்றும் பணம் கிடைக்கவில்லை. அங்கு அவ்விருவரையும் விற்றுவிட்டு ஊர் திரும்பினார். படகை வாங்கியவருடன் பின்னர் ஏற்பட்ட கைகலப்பில் ஆடுபான் அவரைக் கத்தியால் குத்தினார். வழக்கில், தற்காப்புக்காகச் செய்தார் என விடுவிக்கப்பட்டார்.

இதற்கிடையே நாடெங்கும் நெருக்கடி சூழ்ந்தது. போருக்குப் பின் மேற்கு மாநிலங்களில் வங்கிகள் பெருகியிருந்தன. கென்டக்கி சட்டமன்றம் 1818 இல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட வங்கிகளுக்கு உரிமம் அளித்தது. அவை வெளியிட்ட தாள்பணத்துக்கு ஈடான வெள்ளியோ பொன்னோ அவற்றிடம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் இரண்டாவது வங்கி தான் கொடுத்த கடன்களைத் திரும்பக் கேட்கத் தொடங்கியதும், மாநில வங்கிகள் தம் கடனாளிகளை நெருக்கின. நில விலையும் விளைபொருள் விலையும் வீழ்ந்தன. 1819 நெருக்கடி என அழைக்கப்படும் இந்நிகழ்வு, ஐக்கிய அமெரிக்கா அமைதிக் காலத்தில் கண்ட முதற் பெரும் பொருளாதார வீழ்ச்சியாகும்.

ஆடுபான் தமக்கு வரவேண்டிய கடன்களை வசூலிக்க முடியாத நிலையில், கொடுக்க வேண்டிய கடன்கள் ஒரே நேரத்தில் கழுத்தை நெரித்தன. வீடு, ஆலை, அறைகலன்கள், அடிமைகள் என அனைத்தும் கைமாறின. கடனுக்காக லூயிவில்லில் சிறை வைக்கப்பட்ட இவர், தாம் நொடித்துப் போனதாக அறிவித்து விடுதலை பெற்றார். உடுத்திய உடை, துப்பாக்கி, பறவை ஓவியங்கள் ஆகியவை மட்டுமே எஞ்சியதாக இவர் எழுதியுள்ளார். ஓவியங்களைச் சந்தையில் எவரும் பொருளாக மதிக்காததே அவை தப்பியதற்குக் காரணம். கடனுக்காகச் சிறையில் அடைக்கும் வழக்கத்தைக் கென்டக்கி 1821 இல் ஒழித்தது.

இக்காலத்தில் ஆடுபான் தம்பதியர் தங்கள் இரு பெண் குழந்தைகளையும் அடுத்தடுத்து இழந்தனர். லூசி என்ற குழந்தை 1817 இலும் ரோஸ் என்ற குழந்தை 1820 இலும் இறந்தன.

ஓவியராக மாறுதல்

பிழைப்புக்காக ஆடுபான் ஒரு முகத்துக்கு ஐந்து டாலர் எனக் கரிக்கோல் உருவப்படங்கள் வரைந்தார். சிறிது காலம் சின்சினாட்டி அருங்காட்சியகத்தில் பறவைகளைப் பாடம் செய்யும் பணியில் இருந்தார். அந்நிறுவனமும் பணமுடையில் இருந்ததால் ஊதியம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. 1820 அக்டோபரில் ஜோசப் மேசன் என்னும் இளம் மாணவருடன் படகேறி, அமெரிக்கப் பறவைகள் அனைத்தையும் இயற்கை அளவில் வரையும் நோக்குடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். ஓவியத்துக்காகப் புதிதாகச் சுட்ட பறவைகளைக் கம்பியால் தாங்கி, உயிருடன் இருப்பது போன்ற நிலையில் அமைத்து வரைவது இவரது முறை.

அடுத்த ஆண்டுகளில் குடும்பத்தைத் தாங்கியவர் லூசியே. லூசியானாவின் தோட்ட வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்து அவர் சேர்த்த பணம், கணவர் ஐரோப்பா செல்ல உதவியது. 1824 இல் பிலடெல்பியாவில் ஆடுபானுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. காலஞ்சென்ற வில்சனின் நண்பர் ஜார்ஜ் ஓர்ட் இவரைக் கடுமையாக எதிர்த்தார். எனவே 1826 இல் ஓவியங்களுடன் லிவர்பூல் சென்றார்.

அமெரிக்கப் பறவைகள்

லிவர்பூலிலும் எடின்பரோவிலும் இவரது கண்காட்சிகள் பெரும் வரவேற்பைப் பெற்றன. எடின்பரோவில் வில்லியம் லிசார்ஸ் முதல் பத்துத் தகடுகளைச் செதுக்கினார். 1827 முதல் இலண்டனில் இளைய ராபர்ட் ஹாவெல் அப்பணியைத் தொடர்ந்து முடித்தார். ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரமுள்ள தாள்களில் 435 படங்கள் செப்புத் தகட்டில் அச்சிடப்பட்டு, கையால் வண்ணம் தீட்டப்பட்டன.

நூலுக்குப் பணம் திரட்டிய முறை இவரது முந்தைய வணிகத்திலிருந்து வேறுபட்டது. ஐந்து படங்கள் கொண்ட ஒவ்வொரு பகுதிக்கும் சந்தாதாரர் இரண்டு கினி செலுத்தினர். மொத்தம் 87 பகுதிகள். முழு நூலின் விலை 174 கினி. அமெரிக்காவில் இது ஏறத்தாழ 1,000 டாலராக இருந்தது. ஒரு பகுதிக்குக் கிடைத்த பணம் அடுத்த பகுதியின் செலவுக்குச் சென்றது. விற்காத சரக்கு பெருமளவில் தேங்கவில்லை. ஒரு சந்தாதாரர் விலகினால் இழப்பு அவரோடு நின்றது. எனினும் விலகியவர்கள் பலர். ஆடுபான் ஊர் ஊராகச் சென்று புதியவர்களைச் சேர்த்தும், நிலுவையை வசூலித்தும், எண்ணெய் வண்ண ஓவியங்களை விற்றும் பணியைத் தொடர்ந்தார். கடைக்கணக்கைக் கவனிக்காதவர் எனப் பெயர் பெற்றிருந்த இவர், பதினோரு ஆண்டுகள் இக்கணக்கைக் கவனித்து நூலை நிறைவு செய்தார். மொத்தச் செலவு ஒரு இலட்சம் டாலரைத் தாண்டியது. இருநூறுக்கும் குறைவான முழுத் தொகுப்புகளே உருவாயின.

பறவைகளின் வாழ்க்கையை விளக்கும் ஐந்து தொகுதிகளை வில்லியம் மக்கில்லிவ்ரே துணையுடன் 1831 முதல் 1839 வரை எழுதி வெளியிட்டார். 1830 இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

பிற்கால வாழ்க்கை

1840–1844 இல் வெளிவந்த ஏழு தொகுதிகளான சிறிய பதிப்பு 100 டாலர் விலைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சென்றடைந்தது. குடும்பத்துக்கு நல்ல வருவாய் ஈட்டித் தந்த முதல் நூல் இதுவே. அப்பணத்தில் நியூயோர்க்கில் ஹட்சன் ஆற்றங்கரையில் வீடு கட்டிக் குடியேறினார். 1843 இல் மிசூரி ஆற்று வழியே மேற்கே பயணம் செய்தார். ஜான் பாக்மனுடன் இணைந்து வட அமெரிக்கப் பாலூட்டிகளைப் பற்றிய நூலையும் தொடங்கினார். கண் பார்வையும் நினைவும் குன்றிய நிலையில் ஜனவரி 27, 1851 இல் காலமானார்.

கணவர் மறைவுக்குப் பின் குடும்பம் மீண்டும் வறுமையுற்றது. லூசி 1863 இல் மூல ஓவியங்களை நியூயோர்க் வரலாற்றுக் கழகத்துக்கு விற்றார். செப்புத் தகடுகளில் பெரும்பாலானவை பின்னர் உலோக விலைக்குப் போயின. லூசி 1874 இல் இறந்தார்.

நினைவும் விமர்சனமும்

லூசியிடம் சிறுவயதில் பாடம் கற்ற ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் 1886 இல் பறவைகளைக் காக்கும் முதல் ஆடுபான் கழகத்தைத் தொடங்கினார். 1905 இல் தேசிய அளவிலான கழகம் உருவானது. ஆடுபான் அடிமைகளை வாங்கி விற்றதையும் அடிமை ஒழிப்பை எதிர்த்ததையும் சுட்டிக்காட்டிச் சில உள்ளூர்க் கழகங்கள் இவர் பெயரை நீக்கிக்கொண்டன. தேசிய ஆடுபான் கழகம் நீண்ட ஆய்வுக்குப் பின் 2023 மார்ச்சில் பெயரைத் தக்க வைத்துக்கொள்ள முடிவு செய்தது.

2010 டிசம்பரில் அமெரிக்கப் பறவைகள் நூலின் ஒரு தொகுப்பு இலண்டனில் 73 இலட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. இவர் நொடித்து வெளியேறிய ஹென்டர்சனில் இவர் பெயரால் மாநிலப் பூங்காவும் அருங்காட்சியகமும் உள்ளன. மில் குரோவ் பண்ணை வீடும் அருங்காட்சியகமாகப் பேணப்படுகிறது.